கோழிக்கு முன்னே கூடு

(மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



புறக்கடைக் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். தீனியைப் பற்றியும் நோய்களைப் பற்றியும் கால்நடை மருத்துவர் முற்பகலில் விரிவாக எடுத்துரைத்துவிட்டார். ஆகவே, அவற்றை விடுத்து வேறொன்றை எடுத்துக்கொள்வோம். கோழி இரவில் எங்கே உறங்குவது, பகலில் எங்கே உலவுவது என்னும் இரண்டு கேள்விகளே இன்று நாம் ஆராய வேண்டியவை.

நமது கிராமங்களில் கோழி இல்லாத தெரு இல்லை. ஆயினும் கோழிக்கென்று முறையாகக் கூடு கட்டிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாடு வாங்குகிறவர் முதலில் கொட்டகை போடுகிறார். ஆடு வாங்குகிறவர் பட்டி அமைக்கிறார். கோழி மட்டும் முருங்கை மரத்திலும், திண்ணையோரத்திலும், கவிழ்த்து வைத்த கூடையிலும் அடைகிறது. 'கோழிதானே!' என்னும் இந்த அலட்சியத்திற்கு ஒரு காரணம் உண்டு. மாட்டின் வரவு குடும்பத் தலைவரின் கணக்கில் ஏறுகிறது. கோழியின் வரவோ வீட்டுப் பெண்ணின் சிறுவாட்டுப் பணம். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திற்கும், காய்ச்சல் கண்ட நாளில் மருந்துக்கும், பிறரிடம் கை நீட்டாமல் அந்தப் பணத்திலிருந்தே அவள் எடுத்துக் கொடுக்கிறாள். ஒரே இரவில் பத்துக் கோழிகளும் மடிந்துபோனால், அந்த நட்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. காலையில் இறகுகளைக் கூட்டி அள்ளுகிறவளுக்கு மட்டுமே அது தெரியும். இவ்விதம் இறகை அள்ளிய பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

நமது நாட்டுக்கோழி கூடு இல்லாமலும் ஒருவாறு பிழைத்து வந்தது. அதன் உடல் இலேசானது. ஆபத்து வந்தால் பறந்து கிளையேறும். தாய்க்கோழி பருந்தின் நிழலைக் கண்டதுமே குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொள்ளும். ஆனால் அது ஆண்டுக்கு இடுவது 60 முதல் 80 முட்டைகளே. முட்டை கூடுதலாக வேண்டும் என்பதற்காகவே ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்களையும், நமது கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் கோழியையும் உருவாக்கின. இவை நாட்டுக்கோழியைக் காட்டிலும் வெகுவாக அதிகம் முட்டையிடுபவை. எனினும் ஒன்றை மறந்துவிடலாகாது. இக்குஞ்சுகள் தாயின் சிறகின் கீழ் வளராமல், விளக்கு வெப்பத்தில் வளர்ந்து நம்மிடம் வருபவை. பருந்து இன்னதென்று அவற்றிற்குச் சொல்லிக் கொடுத்தவர் இல்லை. வனராஜா போன்ற கனத்த கோழி நாட்டுக்கோழியைப் போல் எளிதாகக் கிளையேறவும் மாட்டாது. இத்தகைய கோழியை வாங்கிவிட்டு, கூட்டைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பது மரநாய்க்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். குஞ்சுகளுக்கு முன்பணம் கட்டுமுன் கூட்டைக் கட்டி முடிக்கவேண்டும் என்பதே நமது முதல் வேண்டுகோள்.

கூடு கட்டுமுன் எதிரி யார் என்று தெரிந்துகொள்வது நலம். இரவு எதிரிகள் வேறு. பகல் எதிரிகள் வேறு. இரவில் வருவன மரநாய், காட்டுப்பூனை, நரி, பெருச்சாளி, பாம்பு ஆகியவை. பகலில் வருவன கீரி, பருந்து, வல்லூறு, காகம் ஆகியவை. தெருநாய்க்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. பக்கத்திலிருக்கும் கோழியை மரநாய் இழுக்கும்போதும் மற்றவை இடம் விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும். எனவே இரவில் கூட்டுக்குள் ஒரு பிராணி நுழைந்துவிட்டால் ஒன்றோடு நிற்பதில்லை. பகலிலோ கோழி ஓடும், கத்தும். வீட்டிலுள்ளோரும் ஓடி வருவார்கள். போனாலும் ஒன்று போகும். இந்த வேற்றுமை கூட்டின் செலவையே தீர்மானிக்கிறது. கையிலிருக்கும் பணம் குறைவாயின், அதை முதலில் இரவுக் கூட்டின் உறுதிக்கே செலவிடுங்கள். பகல் அடைப்பைச் சற்று எளிதாக அமைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். வெளியே விசாலமாக வேலி கட்டி, உள்ளே ஒரு பழைய மரப்பெட்டியை வைத்துவிடுகின்றனர்.

பொறி வைத்தால் என்ன, கறியில் விஷம் கலந்து வைத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கீரி, மரநாய், காட்டுப்பூனை, சாரைப்பாம்பு ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வது குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, சாரையும் கீரியும் நம் வயலில் எலியைத் தின்று நெல்லைக் காக்கின்றன. விஷம் வைத்த கறியை முதலில் தின்பது பெரும்பாலும் நம் வீட்டு நாய்தான். ஆகவே எதிரியை ஒழிக்கும் வழி நமக்கு வேண்டுவதில்லை. அவனை வெளியே நிறுத்தும் வழியே வேண்டும்.

இடம் தேர்ந்தெடுப்பதில் மூன்று, நான்கு விஷயங்களைக் கவனித்தால் போதும். மழைநீர் தேங்காத மேட்டுப்பாங்கு வேண்டும். சமையலறைக் கதவைத் திறந்தால் கூடு கண்ணில் படவேண்டும். இரவில் கோழி அலறினால் காதில் விழவேண்டும். வைக்கோல் போர், விறகுக் குவியல், கல் குவியல் ஆகியவற்றின் அருகில் கட்டலாகாது. எலியும் பாம்பும் கீரியும் குடியிருப்பது அங்கேதான். மேற்கு வெயிலைத் தடுக்க ஒரு மரம் இருப்பது மிக நல்லது. ஆனால் அதன் கிளை கூரையின் மேல் கவிந்திருந்தால் அதுவே மரநாய்க்குப் பாலமாகிவிடும். மரத்தை வெட்ட வேண்டாம். கூரையிலிருந்து ஐந்தடி தூரத்திற்குள் வரும் கிளைகளை மட்டும் கழித்துவிட்டால் போதும்.

இனி, அளவுக்கு வருவோம். பத்து முட்டைக் கோழிகளை வைத்துக் கணக்கிடுவோம். இரவுக் கூட்டில் ஒரு கோழிக்கு 2 சதுர அடி வீதம் 20 சதுர அடி வேண்டும். 5 அடி நீளமும் 4 அடி அகலமும் சரியாக இருக்கும். நீளம் கிழக்கு மேற்காக அமையட்டும். அப்பொழுது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே தாக்கும். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் செங்கல் தூணின் மேலோ கல் காலின் மேலோ கூட்டை நிறுத்தவேண்டும். மரக்கால் வைத்தால் கறையான் விடாது. உட்புற உயரம் முன்புறம் 4 அடி, பின்புறம் 3 அடி என்று சரிவாக இருந்தால் மழைநீர் வழிந்தோடும்.

தரைக்குக் கடப்பைக் கல் பலகையே சிறந்தது என்பது நமது கருத்து. பெருச்சாளி அதைக் குடையாது, கழுவுவதும் எளிது. அதன் மேல் 3 அங்குலக் கனத்திற்கு உமியோ நிலக்கடலைத் தோலோ பரப்பவேண்டும். அது ஈரமானால் உடனே மாற்றவேண்டும். ஈரத்திலிருந்து எழும் காரநெடி கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். கழித்த உமி எருக்குழிக்குப் போனால் கீரைப் பாத்திக்கு மேலான உரம்.

கம்பி வலையைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. கடையில் 'கோழி வலை' என்று கேட்டால், தேன்கூட்டின் கண்ணைப் போல ஆறு மூலைக் கண்களையுடைய மெல்லிய வலையைத் தருவார்கள். பெயர் கோழி வலை என்பதால் அதுவே போதும் என்று எண்ணிவிடுகிறோம். அது கோழி வெளியே போகாமல் தடுக்குமேயன்றி, நாய் உள்ளே வராமல் தடுக்காது. நாய் பல்லால் பற்றி இழுத்தால் கிழிந்துவிடும். இரண்டு மழைக்காலத்தில் துருவும் ஏறிவிடும். இரவுக் கூட்டிற்கு வேண்டியது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை. 'வெல்டு மெஷ், அரை அங்குலக் கண்' என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் நான்கு பக்கமும் வலை வேண்டும் என்பதில்லை. கிழக்கிலும் மேற்கிலும் முழுச் சுவர். வடக்கே பாதிச் சுவரும் மேலே வலையும். தெற்கே மட்டும் முக்கால் பங்கு வலை என்று அமைத்தால் வலைச் செலவு பாதியாகும். வலையை ஆணியடித்து வளைத்துவிடுவது போதாது. ஓரங்களின் மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்துச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கவேண்டும். நாய் தள்ளிப் பார்ப்பதெல்லாம் வலையின் நடுவிலன்று, ஓரத்தில்தான்.

கட்டி முடித்த பிறகு ஒரு சோதனை. கூட்டைச் சுற்றி வந்து, கூரை சுவரைத் தொடும் இடம், கதவின் அடி, சட்டங்களின் மூலை ஆகிய எல்லா இடங்களிலும் கட்டைவிரலை நுழைத்துப் பாருங்கள். விரல் நுழையும் இடமெல்லாம் அடைக்கப்பட வேண்டிய இடமே. சாரைக்கும் கீரிப்பிள்ளைக்கும் நாம் நினைப்பதைவிடச் சிறிய வழி போதும். ஓட்டுக் கூரையாயின், ஓட்டின் அடியில் வலையடிக்காமல் விடலாகாது. மரநாய் ஓட்டை நகர்த்தி இறங்குவதில் தேர்ந்தது.

இனி, கதவு. மற்றவை எவ்வளவு உறுதியாக இருப்பினும் கதவு பழுதானால் கூடு பயனற்றது. கதவு சட்டத்திற்குள் அடங்குவதாக இல்லாமல், சட்டத்தின் மேல் நாற்புறமும் ஓர் அங்குலம் படியுமாறு இருக்கவேண்டும். அப்பொழுது மழையில் மரம் உப்பினாலும் வெயிலில் சுருங்கினாலும் இடைவெளி தோன்றாது. கீல்கள் திருகாணியால் பொருத்தப்பட வேண்டும். தோல் வாரும் கயிறும் கீல் ஆகமாட்டா. தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வேண்டும். ஒரே கொக்கியாயின் நாய் மூக்கால் முட்டி முட்டித் தூக்கிவிடும். தாழ்ப்பாளின் துளையில் ஓர் ஆணியைச் செருகிவைப்பது இன்னும் நல்லது. நாலுகால் எதிரிக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. இரண்டு கால் எதிரியும் சில ஊர்களில் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அவனுக்கு ஒரு சிறு பூட்டு.

பாதுகாப்பு என்று சொல்லிக் கூட்டைப் பெட்டியாக மூடிவிடுவதும் தீங்கே. கோழிக்கு வியர்ப்பதில்லை. வெப்பத்தை வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் வெளியேற்றும். நமது சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் அடைபட்ட கோழி, எதிரி வராமலேயே இறந்துபோகும். இறவாவிட்டாலும் தீனி குறையும், முட்டை குறையும், ஓடு மெலியும். தகரம்தான் கிடைக்கிறது என்றால் அதன் மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டுங்கள். கூரை சுவருக்கு வெளியே இரண்டடி நீண்டிருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். அப்பொழுது வடபுற வலையில் சாக்குப் படுதாவைத் தொங்கவிடலாம். எனினும் படுதாவின் மேல் ஓரடி திறந்தே இருக்கவேண்டும். சூடான காற்றும் ஈரக் காற்றும் மேலே எழுந்து வெளியேறுவது அவ்வழியேதான்.

உள்ளே கோழி அமரக் கம்பு வேண்டும். ஐந்தடிக் கம்பு இரண்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒன்றுக்கொன்று ஓரடிக்கும் சற்றுக் கூடுதலான இடைவெளி விட்டு வைத்தால் பத்துக் கோழிகள் நெருக்கமின்றி அமரும். கம்பு இரண்டு அங்குலக் கனமும் மேல்புறம் உருண்டையுமாக இருத்தல் நலம். முட்டையிடும் பெட்டி நான்கு, ஐந்து கோழிக்கு ஒன்று வீதம் போதும். பத்துக்கு இரண்டு அல்லது மூன்று. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், உள்ளே வைக்கோல். பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும் என்பது முக்கியம். உயரத்தில் இருந்தால் கோழி இரவில் அங்கேயே படுத்துப் பெட்டியை அசுத்தமாக்கும்; முட்டையும் அழுக்காகும். பெட்டியைச் சுவரின் வெளிப்புறமாகப் பொருத்தி, மேலே மூடி வைத்தால், உள்ளே குனியாமல் முட்டை எடுக்கலாம். அந்த மூடிக்கும் தாழ்ப்பாள் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

மூங்கிலை நாம் விலக்கச் சொல்லவில்லை. ஆனால் மூங்கிலின் பிளவுகளிலும் மரப் பொருத்துகளிலும் கோழி உண்ணி பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து இரத்தம் குடிக்கும். கோழி காரணமின்றி மெலிந்து, கொண்டை வெளுத்து, கூட்டுக்குள் போக மறுக்குமானால், இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு கம்பின் அடிப்புறத்தைப் பாருங்கள். பிளவுகளைச் சாந்தால் அடைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

பகல் அடைப்புக்கு வருவோம். கோழி ஒன்றுக்கு 10 சதுர அடிக்குக் குறையலாகாது. பத்துக் கோழிகளுக்கு 15 அடி நீளமும் 8 அடி அகலமும் உடைய அடைப்பு அமைத்தால் 120 சதுர அடி கிடைக்கும். உயரம் ஆறடி இருந்தால் நாம் குனியாமல் உள்ளே சென்று பெருக்கலாம். குனிந்து செல்லவேண்டிய அடைப்பை எவரும் நாள்தோறும் பெருக்குவதில்லை. கல் தூணோ, அடியில் தார் பூசிய சவுக்குக் கம்போ நடலாம். கீழ் மூன்றடிக்கு உறுதியான வலை. அதற்கு மேல் மெல்லிய கோழி வலையே போதும். ஆறு மூலைக் கண் வலைக்கு உரிய இடம் இதுதான். நாயும் கீரியும் வேலியின் அடியில் பறித்து நுழையும் இயல்புடையவை. ஆதலால் வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்கவேண்டும். பாறை நிலமாயின் வெளிப்புறம் ஒன்றரை அடி அகலத்திற்குத் தரையோடு படுக்கவைத்து மேலே பலகைக் கற்களை அடுக்கலாம். பறிக்கும் பிராணி வேலியை ஒட்டியே பறிக்கும். கீழே வலை தட்டுப்பட்டால் விட்டுவிடும். இரண்டடி பின்னால் நகர்ந்து பறிக்க அதற்குத் தோன்றுவதில்லை.

மேற்புறம் பருந்துக்கும் காகத்திற்கும் தடுப்பாக நைலான் வலை போதும். கடலோர ஊர்களில் கழித்த மீன் வலை எளிதில் கிடைக்கும். வலையைத் தளரவிடாமல் இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்த வலையில் பறவைகளும் பாம்புகளும் சிக்கி மடியும். மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கீற்றால் மூடினால் நிழலாயிற்று. தண்ணீரும் தீனியும் அந்த நிழலில்தான் வைக்கப்படவேண்டும். வலசை வரும் நீர்ப்பறவைகளின் எச்சம் அவற்றில் விழலாகாது என்பதும் இதற்கு ஒரு காரணம். பறவைக் காய்ச்சல் 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் முதன்முறையாக இந்நாட்டில் கண்டறியப்பட்டது. அதன் பின் பல மாநிலங்களில் தலைகாட்டியுள்ளது. பல கோழிகள் ஒருசேர இறந்தால் அவற்றைத் தொடாமலும் விற்காமலும் கால்நடை மருந்தகத்திற்கு உடனே தெரிவித்துவிடுங்கள்.

மாலையில் மிச்சத் தீனியை எடுத்துவிடவேண்டும். தீனி கிடந்தால் எலி வரும். எலி வந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். வந்த பாம்பு முட்டையையும் குஞ்சையும் கண்டுகொள்ளும். கூட்டில் பாம்பு புகுந்தது என்று வருந்துகிறவர்கள் தீனி மூட்டையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மூடியுள்ள தகர டப்பா ஒன்று இதற்குப் பரிகாரம்.

பழைய பஞ்சாரத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். குஞ்சுகளோடு இருக்கும் தாய்க்கோழியைப் பகலில் அடைப்புக்குள் தனியே வைப்பதற்கு அதைக் காட்டிலும் நல்ல சாதனம் இன்னும் வரவில்லை. இரவு முழுதும் பத்துக் கோழிகளை அதற்குள் திணித்து மேலே ஆட்டுக்கல்லை வைப்பதையே வேண்டாம் என்கிறோம்.

புதிதாக வந்த கோழிகளை முதல் நான்கைந்து நாட்கள் வெளியே விடாமல் கூட்டிலேயே வைத்துத் தீனியும் நீரும் கொடுங்கள். அதுவே தன் வீடு என்று கோழி கண்டுகொள்ளும். பின்னர் மாலையில் ஒரு பிடி தானியத்தைக் கூட்டுக்குள் இறைத்துக் குரல் கொடுத்தால் தானாகவே வந்து அடையும். பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பார்த்துக் கதவை மூடவேண்டும். யார் மூடுவது என்பதை வீட்டில் முன்னதாகவே முடிவு செய்துகொள்ளுங்கள். 'அவள் மூடியிருப்பாள்' என்று இவளும், 'இவள் மூடியிருப்பாள்' என்று அவளும் இருந்துவிட்ட இரவில்தான் மரநாய் வருகிறது. திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ குடும்பத்தோடு வெளியூர் போகும் நாளில், குழுவிலுள்ள அண்டை வீட்டாரிடம் இந்த ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுச் செல்லலாம். பத்து வீடுகளில் கூடு இருக்குமானால் அவர்களுக்குள் இதை முறைவைத்துச் செய்துகொள்வது கடினமன்று. வலையையும் கீல்களையும் பத்து வீட்டாரும் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும்.

நாம் கூறிய அளவின்படி மாதிரிக் கூடு ஒன்று இந்த வளாகத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் வைக்கப்பட்டிருக்கிறது. அளவுநாடாவும் அங்கே இருக்கிறது. வாருங்கள், எல்லோரும் கட்டைவிரலை நுழைத்துப் பாருங்கள்; எங்கேனும் நுழைந்தால் தச்சரிடம் இப்பொழுதே சொல்லிவிடுவோம்.